நீ படிக்கட்டில் விழவில்லை, வித்யா

வித்யாம்மா,

உன் தமிழ் லக்ஷ்மிபாய் நகர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று அலுத்துக்கொள்வாய். நீ மெட்ரோவில் நின்றபடி கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்துவிடக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன். மூன்று வயதில் உன் முன்பல் விழுந்தது அல்லவா? குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் நீ தடுக்கி விழுந்ததால் போனது என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறோம்? நீ படிக்கட்டில் விழவே இல்லை.

போன வாரம் அந்தப் பல் டாக்டர் உன்னிடம் கேட்டபோது நீ படிக்கட்டுக் கதையைத்தான் சொன்னாய். அவரும் தியாவின் ஃபைலில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. சொந்தப் பேத்தியின் ஃபைலில் பொய் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்க முடியும் என்பதையே நான் அன்றுதான் கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை நீ மறுபடி தியாவை அழைத்துப் போகிறாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். தியாவுக்கு என்ன வைத்தியம் என்பது மட்டுமல்ல, உனக்கே ஏதாவது தேவைப்படுமா என்பதும் இதில்தான் இருக்கிறது.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். அஞ்சலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். குழந்தை காதில் கொஞ்சமாவது தமிழ் விழட்டும் என்று, விழுப்புரம் பக்கத்துப் பெண்ணாகத் தேடிப் பிடித்து உன் வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். அன்று நீ பாங்கில் மீட்டிங்கில் இருந்தாய். போன் எடுக்கவில்லை என்று அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பிளாக் தள்ளி இருப்பவன், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். தியா தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை ஒரு எவர்சில்வர் மூடியில் தியாவின் பல்லை வைத்து நீட்டினாள்.

"ரஸ்க்கு கடிச்சா ஐயா. அப்படியே கையோட வந்துடுச்சி. புள்ள அழக்கூட இல்ல. ரத்தமே வரல."

நான் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு 'அரை டாக்டர்' என்று பெயர் வைத்தவள் நீதான், அந்த அரை டாக்டர் அப்போது விழித்துக்கொண்டான். பால் பல் தானாக விழுந்தால் அதற்கு வேர் இருக்காது, கீழிருந்து முளைக்கும் பல் வேரைக் கரைத்துவிடும். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தபோது பல் பிரிவுக்காரர்களோடு டீ குடித்துக் கற்றுக்கொண்டது இது. இந்தப் பல்லிலோ வேர் முழுசாக, நீளமாக இருந்தது. இரண்டரை வயதில் எந்தக் குழந்தைக்கும் பல் விழாது. ஆகவே யாரோ அடித்திருக்கிறார்கள். இவ்வளவுதான் என் கணக்கு, அதைப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ரத்தம் வராம வேரோட பல்லு வருமா? யார்கிட்ட கதை விடற? ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் இருந்தவன்மா நான்."

"ஐயா, சத்தியமா. எம்புள்ள மாதிரி பாத்துக்கறன். நான் ஏன்யா அடிக்கப் போறன்?"

"உன் போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பர் எங்ககிட்ட இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

நீ வந்ததும் உன்னையும் விட்டுவைக்கவில்லை. ஒரு குழந்தையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை, உனக்கு எதற்கு வேலை என்று கத்தினேன். "அப்பா, ப்ளீஸ்பா, அவ அப்படிப்பட்டவ இல்ல" என்றாய் நீ. உன் மாமியார் சென்னையிலிருந்து வீடியோவில் வந்து, தாய் கண்ணில் பட்டு வளர்ந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டார். நான் உன் பக்கம் பேசவில்லை, தலையை ஆட்டினேன். அஞ்சலை அன்றைக்கே போனாள். உனக்குத் தெரியாதது ஒன்று: நான் கீழே இறங்கிப் போய் கேட்டில் இருந்த கார்டிடமும் சொன்னேன். இந்தப் பெண்ணைக் காலனிக்குள் விடாதே, குழந்தையை அடிக்கிறவள் என்று.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீயும் மாப்பிள்ளையும் கடைக்குப் போயிருந்தீர்கள். தியா என் மடியில் இருந்தாள். வாழைப்பழத்தைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாயோ நான்காவது வாயோ, பழத்தோடு சேர்ந்து பல்லும் என் விரலுக்கு வந்தது. முதலில் கொட்டை என்று நினைத்தேன். வாழைப்பழத்தில் ஏது கொட்டை! முழு வேர். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "தாத்தா, தாந்த்!" என்று இந்தியில் பல்லைச் சொல்லி, கை தட்டிச் சிரித்தாள் உன் மகள். அறையில் வேறு யாரும் இல்லை, குற்றம் சொல்ல ஆள் இல்லை.

வித்யா, அந்தப் பல்லை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் திரும்பி வரும்வரை, எப்படி மறைப்பது என்றுதான் யோசித்தேன். அஞ்சலை மூடியில் வைத்து உடனே நீட்டினாள், நான் பையில் போட்டேன். நீ உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, அவள் வாயைப் பார்த்து உறைந்து நின்றபோதுதான் வெளியே எடுத்தேன்.

அடுத்து நடந்ததற்கு நீயே சாட்சி. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பல் பிரிவில், உன்னைவிடச் சின்னவராக இருப்பார் போல அந்தப் பஞ்சாபிப் பெண் டாக்டர், இரண்டு பல்லையும் உள்ளங்கையில் வைத்து ஒரு பார்வைதான் பார்த்தார். நான் என் அடிபட்ட பல் சித்தாந்தத்தை இந்தியில் விளக்கத் தொடங்கினேன். "அங்கிள்ஜி, கிஸீ நே நஹீ மாரா," என்று நிறுத்திவிட்டார். யாரும் அடிக்கவில்லை. பல்லின் வேரை எலும்போடு ஒட்ட வைக்கிற மெல்லிய பூச்சே சரியாக உருவாகாத பரம்பரை எலும்பு நோய் ஒன்று இருக்கிறது, அரிதானது, ஹைப்போஃபாஸ்ஃபடேசியா என்று பெயர், அதுவாக இருக்கலாம் என்றார். எலும்பு தன் கோளாறைக் காட்ட நாளாகும், பல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்றார். அதனாலேயே நிறையக் குழந்தைகளுக்கு இது பல் டாக்டரின் நாற்காலியில்தான் தெரியவருகிறதாம். பழைய ரத்தப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. போன மழைக்காலத்தில் தியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த ரிப்போர்ட். அதை என்னிடம் அனுப்பி "பாருங்கப்பா" என்று நீ கேட்டிருந்தாய். "எல்லாம் நார்மல், குழந்தைக்கு ரசம் சாதம் கொடு" என்று பதில் போட்டவன் நான். டாக்டர் அதில் ஒரு வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டார். அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ். பக்கத்தில் அச்சாகியிருந்த அளவு பெரியவர்களுக்கானது. அந்த அளவுக்கு இந்த எண் சரிதான். வளரும் குழந்தைக்கு இது எத்தனையோ மடங்கு மேலே இருக்க வேண்டும். வித்யா, அந்த ஒரு டெஸ்ட்டைத்தான் நான் முப்பத்தொரு வருஷம் செய்தேன். குழந்தைகளுக்கு எண் எகிறியிருக்கிறதே என்று பதறி வருகிற பெற்றோரிடம், வளருகிற எலும்பு, அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். லேபுக்கு வந்த ஒவ்வொரு புதுப் பையனிடமும் இதைச் சொன்னேன். என் சொந்தப் பேத்தியின் ரிப்போர்ட்டில் எகிறவில்லையே என்று எனக்கு உறைக்கவில்லை. சிவப்பு எழுத்தில் அச்சாகவில்லை, அதனால் நார்மல் என்று விட்டுவிட்டேன். டாக்டர் அதற்குப் பிறகு பேசியது எனக்குக் கேட்கவே இல்லை.

கேட்டது ஒன்றே ஒன்று. "உங்களுக்குச் சின்ன வயதில் பல் எப்போது விழுந்தது?" என்று உன்னிடம் கேட்டார். மூன்று வயதில் என்று சொல்லி, "மைன் ஸீடியோன் ஸே கிர் கயீ தீ," என்றாய். படியிலிருந்து விழுந்தேன் என்று. அப்படியானால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லி, அதை அப்படியே எழுதிக்கொண்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

உன் பல் விழுந்த அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஏழேகாலுக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிப்போகிற சார்ட்டர்ட் பஸ். அதை விட்டால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், லேட் மார்க் விழும். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. நீ என் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாய். இது தினமும் நடக்கிற விளையாட்டுதான், மற்ற நாளில் நானும் சிரித்துக்கொண்டே இரண்டடி உன்னை இழுத்துக்கொண்டு நடப்பேன். அன்று தெருமுனையில் ஹார்ன் கேட்டது. குனிந்து, உன் கன்னத்தில் அறைந்தேன். செல்லத் தட்டு இல்லை, ஒரு ஆண்பிள்ளையின் முழுக்கை. நீ பின்னால் உட்கார்ந்தாய். தரையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால் பல். உன் அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். நீ அழவில்லை, என்னையே பார்த்தாய். மறுபடி ஹார்ன் கேட்டது. நான் போய் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வந்தபோது, நீ படிக்கட்டில் விழுந்ததாக அக்கம்பக்கத்து மூன்று வீட்டுக்கும் தெரிந்திருந்தது. உன் அம்மா கட்டிய கதை. அவள் அதை எனக்காகத்தான் கட்டினாள். கடைசிவரை என் மூஞ்சியில் அதை வீசி எறியவும் இல்லை. ஆறு வருஷம் முன்பு அவள் போனபோது, இது தெரிந்த இன்னொரு ஆள் இனி உலகத்தில் இல்லை என்று எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. இதைவிட அசிங்கமாக ஒன்றை நான் உன்னிடம் சொல்ல முடியாது.

ஒரு மாதத்துக்குள் அடுத்த பல் விழுந்தது. பிறகு இன்னும் இரண்டு. நான் அறைந்ததில் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டன என்று நினைத்தோம். பல் டாக்டரிடம் காட்டிவிடலாங்க என்று உன் அம்மா கெஞ்சினாள். அவர் எப்படி ஆச்சு என்று கேட்பார், நானும் ஆஸ்பத்திரிக்காரன், நாளைக்கே கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும். பால் பல்தானே, எப்படியும் விழுகிறதுதானே என்று நான் தட்டிக் கழித்தேன். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் உன்னைப் "போப்லி, போப்லி" என்று பொக்கைவாய்ப் பெயர் வைத்துக் கூப்பிட்டன. எந்தப் போட்டோவிலும் நீ வாயைத் திறந்து சிரித்ததில்லை. காலேஜில் ஒன்றும் ஆகாமலே உன் பாத எலும்பில் கீறல் விழுந்து, மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், எங்கேயாவது குதித்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டாரே, அப்போதும் எனக்கு எதுவும் ஒன்று சேரவில்லை. என் கைதான் காரணம் என்று நம்பினவனுக்கு வேறு காரணம் எதற்கு? இப்போது யோசித்துப் பார்த்தால், அஞ்சலையை ஒரு நிமிஷத்தில் குற்றவாளி ஆக்கினேனே, அதற்கும் இதுதான் காரணம். பெரியவர்கள் கை குழந்தை மேல் விழும் என்று எனக்குத் தெரியும். என்னுடையது விழுந்திருக்கிறது.

நேற்று முன்தினம் நான் தனியாக அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். கூட்டம் வடியும்வரை காத்திருந்து, உள்ளே போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரத்தம் வந்ததா என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். வேர் இருந்ததா? இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பல் ஏற்கெனவே விழத் தயாராக இருந்தது, ஆரோக்கியமான பல் அறைந்தால் இப்படி வராது, அன்று இல்லாவிட்டால் அந்த வாரத்தில் ஒரு நாள் ரொட்டித் துண்டிலேயே வந்திருக்கும் என்றார். "ஆப் கே தப்பட் ஸே நஹீ கிரா, அங்கிள்ஜி." உங்கள் அறையால் விழவில்லை. முப்பது வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கினேன் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது ஒரு நிம்மதியும் வரவில்லை. பல் தானாக விழுந்தது சரி, அறை தானாக விழவில்லையே.

பிறகு அவர், உங்கள் பல் எப்படி என்று என்னைக் கேட்டார். என் கீழ்வரிசை ஐம்பதுக்குள் போனதை நான் வெற்றிலையின் தலையில் கட்டியிருந்தேன், அதையும் சொன்னேன். அங்கேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் நேற்று வந்தது. இந்த முறை அரை டாக்டர் கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை படித்தான். என் அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ், பெரியவர்களுக்கான அளவுக்கும் கீழே இருக்கிறது. ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது, திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும், மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது என்கிறார் அவர். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. என்னிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து தியாவுக்கு. தியாவின் ஃபைலில் இருந்த பொய்யை அடித்துவிட்டு அவர் புதிதாக எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். உன்னையும் ரத்தம் கொடுக்கச் சொல்லச் சொன்னார். உன் பாத எலும்பு விஷயத்தை நீயே உன் வாயால் அவரிடம் சொல்.

தியாவுக்கு அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஆடுகிற பல்லை யாரும் அசைத்துப் பார்க்கக் கூடாது. மிருதுவான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், விழுந்துவிடுமோ என்று பயந்து தேய்க்காமல் விடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்ட வேண்டும், குழந்தைகளுக்கான எலும்பு டாக்டரும் கூடவே பார்ப்பார். இன்னும் பல் போனால் மெல்லவும் பேசவும் சின்னதாகப் பல் செட் செய்து தருவார்களாம், அதைப் போட்டுக்கொண்டு குழந்தைகள் ஆப்பிள்கூடக் கடிக்கின்றனவாம். நான் வாங்கி வைத்தேனே இரண்டு பாட்டில் கால்சியம் டானிக், அதைக் கொடுக்காதே. இந்த நோய்க்கு அதை நாமாகக் கொடுப்பது கெடுதலாக முடியலாமாம். அங்கேயும் என் வைத்தியம்தான் முந்திக்கொண்டு நின்றது.

அஞ்சலையைப் பார்க்கவும் போனேன். ரயில் பாதை ஓரத்து ஜுக்கிக் குடிசைகளுக்கு நடுவே, பைப்படியில் குடம் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் தப்பு பண்ணிட்டேன்மா, அது ஒரு வியாதி, உன் மேல பழி போட்டுட்டேன் என்றேன். "இன்னொரு பல்லும் வுழுந்துச்சா? புள்ளைக்கு வலிச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டாள். விழுந்தது, ஆனால் வலிக்கவில்லை என்றதும் குடத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க ஐயா. கேட்ல சொன்னதுக்கு இன்னா பண்ணுவீங்க? அந்தக் காலனியில இன்னும் ரெண்டு வூட்ல செஞ்சிட்டிருந்தன். அல்லாம் போச்சி," என்றாள். எனக்கு அந்த இரண்டு வீடும் நினைவிலேயே இல்லை. இன்று காலை காலனி சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு வீட்டுப் படியும் ஏறி, கார்டையும் கூட வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்தபடியே கேட்டார்கள், இன்னொரு வீட்டில் திறக்கவில்லை. நாளைக்கு மறுபடி போவேன்.

உன் மாமியார் விஷயம். எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி இல்லையே என்று அவர் ஆரம்பிப்பார், நீ வாயடைத்து நிற்பாய். நிற்காதே. எங்கப்பாகிட்டேர்ந்து வந்தது என்று சொல், அதற்கு மேல் அவர் கேட்டால் போனை என்னிடம் கொடு. பெண் வீட்டுக் கோளாறு வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்று உன் கல்யாணத்தின்போது எத்தனையோ சின்னச் சின்ன விஷயங்களை மூடினோம். இதை மூடினால் தியாவின் எலும்பில்தான் போய் விடியும்.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். அது நான் கேட்டு நீ கொடுக்கிற பொருள் இல்லை. கொஞ்ச நாள் என்னிடம் பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் நான் உன் வீட்டுக் கீழே வந்து நிற்பேன். நீ தியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வா. வாங்கப்பா என்று சொன்னால், கூடவே வருகிறேன். நீங்க போங்க என்றால், உங்கள் ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். நான் அறைந்த அன்றைக்கு நீ ஜன்னலில் நின்று என் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று உன் அம்மா சொன்னாள்.

உன்னை அறைந்த
அப்பா